ஏரியின் பிள்ளைகள்

என் தாயாரின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. எங்கள் இல்லத்திற்கு வந்து செல்லும் சங்க அன்பர்கள் பலரும் அதனைக் கண்டிருப்பார்கள். குடும்பத்தின் சான்றிதழ்கள், இரண்டு வளையல்கள், ஒரு மாற்றுச் சேலை, ஒரு கம்பளிப் போர்வை ஆகியவை அதில் எந்நாளும் இருக்கும். யாரேனும் வந்து “புறப்படுங்கள்” என்று சொன்னால், அந்தக் கணமே எழுந்து புறப்படுவதற்கான ஏற்பாடு அது. நான் பிறந்த நாள் முதல் அந்தப் பெட்டியைப் பார்த்து வருகிறேன். அதன் பூட்டு மாறியிருக்கிறது; இடம் மாறியதில்லை.

என் தாயார் பர்மாவில் பிறந்தவர். ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள சிற்றூர் ஒன்றில், செட்டியார் ஒருவரின் அரிசி ஆலையில் கணக்கெழுதப் போன என் பாட்டனார், பின்னாளில் அங்கேயே ஒரு மளிகைக் கடை வைத்தார். 1962-இல் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத்து நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. இரும்புப் பெட்டியில் இருந்த பணம் ஒரே இரவில் வெறுங்காகிதமாயிற்று. பல்லாயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைப் போல் என் பாட்டனார் குடும்பமும் சென்னைக்குக் கப்பலேறிற்று. அப்போது என் தாயாருக்கு வயது பதினைந்து.

திருமணத்திற்குப் பின் அவர் கல்கத்தாவுக்கு வந்தார். என் தந்தையார் மத்திய அரசு ஊழியர். நானும் அவ்வழியே தேர்வெழுதி எழுத்தனானேன். இரண்டு தலைமுறையாக அரசுக் குடியிருப்பிலேயே வாழ்க்கை. ஓய்வு பெறும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய வீடு அது. 1994-இல் என் தந்தையார் சேமநிதியில் முன்பணம் பெற்று ஒரு மனை வாங்க முற்பட்டார், தாயார் தடுத்துவிட்டார். 2011-இல் நான் முயன்றேன். அப்போதும் அதே தடைதான். “வாங்கின மண்ணு நம்மகூடக் கப்பல்ல வராதுடா” என்பதே அவருடைய ஒரே வாதம். பர்மாவைப் பற்றி வேறு எதுவும் அவர் பேசமாட்டார். விழா நாட்களில் மொய்ங்கா சமைப்பார், கேட்டால் அதன் பக்குவத்தைச் சொல்வார், அவ்வளவே.

2019-ஆம் ஆண்டு சனவரி மாதம் அவரை அந்நாட்டிற்கே அழைத்துச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. விடுப்புப் பயணச் சலுகை நாட்டெல்லையைத் தாண்டாது என்பதை அரசு ஊழியர்கள் அறிவர். ஊதியக் குழு நிலுவையில் ஒதுக்கி வைத்திருந்த தொகையைக் கொண்டும், அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்றும் புறப்பட்டோம். கழிமுகத்துச் சிற்றூருக்குப் போகலாமா என்று கேட்டேன். “அங்க எங்க வீட்ல வேற யாரோ இருப்பாங்க. அவங்களைப் போய் நான் ஏன் பாக்கணும்?” என்றார். தாம் முன்பின் பார்த்திராத ஓர் இடத்திற்கு மட்டுமே வருவதாகச் சொன்னார். அவ்வாறு நாங்கள் தேர்ந்த இடம், சான் மாநிலத்து மலைகளுக்கு நடுவில் கிடக்கும் இன்லே ஏரி.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது இவ்வேரி. நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி அது. ஆயினும் ஆழம் மிகுதியில்லை. கோடையில் இரண்டு ஆள் ஆழம்கூட இராத இடங்களே பெரும்பாலானவை. மழைக்காலத்தில் நீர் மேலும் ஐந்தடி வரை ஏறும். ஏரிக்குள் பல சிற்றூர்கள் உள்ளன. வீடு, பள்ளி, கடை, மடாலயம் எல்லாம் நீரில் ஊன்றிய தூண்களின் மேல் நிற்கின்றன. 2015-இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விடத்தை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. மியன்மாரில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இடம் இதுவே.

ஞாங்சுவே என்னும் ஊரின் படகுத்துறையில் காலை ஏழு மணிக்குப் படகேறினோம். மூங்கிலிலை போல் நீண்டு ஒடுங்கிய மரப்படகு. ஒன்றன்பின் ஒன்றாக நாற்காலிகள். பின்புறம் டீசல் எந்திரம். முன்னால் வழிகாட்டியான இளைஞர் அமர்ந்தார். பின்னால் படகோட்டி நின்றார். குளிர் எலும்பைத் துளைத்தது. படகுக்காரர் கொடுத்த கம்பளியைத் தாயாருக்குப் போர்த்தினேன். எந்திரத்தின் இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. ஆகவே கால்வாய் வழியே சென்ற நேரம் முழுவதும் நாங்கள் ஊமைகளாகவே இருந்தோம். வெண்ணிறக் கடற்காக்கைகள் படகின் இருமருங்கும் தொடர்ந்து பறந்து வந்தன.

கால்வாய் முடிந்து ஏரி விரிந்த இடத்தில் எந்திரத்தை நிறுத்தினார்கள். பனித்திரைக்குள் ஒரு மீனவர் தம் சிறு படகின் நுனியில் ஒற்றைக் காலில் நின்றார். மற்றொரு காலைத் துடுப்பில் வளைத்துச் சுற்றித் தண்ணீரைத் தள்ளினார். இரண்டு கைகளும் வலைக்கு உரியவை. துடுப்பு காலுக்கு உரியது. நாணலும் பாசியும் அடர்ந்த ஏரியில், உட்கார்ந்து துடுப்பு வலித்தால் எதிரே இருப்பது தெரியாது. நின்றால்தான் வழி தெரியும் என்று வழிகாட்டி விளக்கினார். ஏரியின் வாயிலில் கூம்பு வடிவான மூங்கில் பொறியைத் தூக்கிப் பிடித்து நிற்பவர்கள் சிலர் மீன் பிடிப்பவர்கள் அல்லர். புகைப்படத்திற்கு நின்று காசு பெறுபவர்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இம்மக்களின் பெயர் இந்தா. வழிகாட்டி ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் சொல்ல முற்பட்டபோது, அதுவரை வாய் திறவாதிருந்த என் தாயார், “இன்னா ஏரி, தான்னா பிள்ளை. ஏரியோட பிள்ளைங்க” என்று என்னிடம் தமிழில் சொன்னார். பிறகு அந்த இளைஞரை நோக்கிப் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். இளைஞர் திகைத்துத் திரும்பினார். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக எவரோடும் பேசாத ஒரு மொழி, துருவேறாமல் அவர் நாவில் இருந்தது. இளைஞர் அவரை “அமே” என்று அழைக்கலானார். அச்சொல்லுக்கு அம்மா என்று பொருள் என்பதை எவரும் எனக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

படகோட்டி எதையோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று கேட்டேன். “அமே பேசுவது என் பாட்டி காலத்துப் பேச்சாக இருக்கிறது என்கிறார்” என்றார் வழிகாட்டி. தாயாரும் சிரித்தார். நம்மில் யாருக்குத்தான் இது புதிது? கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, “இப்படி எல்லாம் இப்ப யாரு பேசுறாங்க?” என்று உறவினர் பிள்ளைகள் நம்மைக் கேலி செய்வதில்லையா? புறப்பட்ட நாளில் எந்தப் பேச்சை மூட்டை கட்டினோமோ, அதையே நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஊர் தன் போக்கில் நடந்துவிடுகிறது.

இந்தா மக்களின் வரலாறும் அத்தகையதே என்பதை அன்றுதான் அறிந்தேன். இவர்கள் இந்த மலைநாட்டின் பழங்குடிகள் அல்லர். தெற்கே, கடலோரத்தில், நம் பழைய நூல்களில் தவாய் என்று வழங்கும் பகுதியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்கள் என்று கருதப்படுகிறார்கள். பர்மிய மொழியின் பழைய கல்வெட்டுகளில் சொல்லின் நடுவே காணப்படும் லகர ஒலி, நாட்டின் பிற பகுதிகளில் தேய்ந்து மறைந்தது. தவாயில் உள்ளவர்கள் பேச்சிலும் இந்த ஏரி மக்களின் பேச்சிலும் அது இன்னும் நிலைத்திருக்கிறது. படகோட்டியின் பேச்சில் பாதி தமக்குப் புரிவதாகவும் பாதி புரியவில்லை என்றும் என் தாயார் சொன்னதன் காரணம் இதுவே. “எங்கள் முன்னோர் வந்தபோது கரையிலிருந்த நிலமெல்லாம் மற்றவர்களுடையது. அதனால் தண்ணீரில் குடியேறினார்கள் என்பார்கள் எங்கள் பெரியவர்கள்” என்றார் வழிகாட்டி. தாயார் அதைக் கேட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

முற்பகலில் இன்போகோன் என்னும் நெசவாளர் ஊரைச் சேர்ந்தோம். தாமரைத் தண்டை ஒடித்து, மெல்ல இழுத்து, உள்ளிருந்து வரும் நுண்ணிழைகளைப் பலகையின் மேல் ஈரக்கையால் உருட்டித் திரித்து நூலாக்கினார் ஒரு மூதாட்டி. ஒரு துண்டு நெய்ய ஆயிரக்கணக்கான தண்டுகள் வேண்டுமாம். விலையைக் கேட்ட நான் கையை மடக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் பெண்கள் சுருட்டுச் சுற்றினார்கள். “செரூட்” என்று வழிகாட்டி அதனைச் சுட்டியபோது, அந்த ஆங்கிலச் சொல் நம் ‘சுருட்டு’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்று சொன்னேன். அவர் நம்பாமல் என் தாயாரைப் பார்த்தார். “உண்மைதான்” என்று தாயார் தலையசைத்த பிறகே ஏற்றுக்கொண்டார். பட்டம் பெற்றவனின் சொல்லுக்கு அங்கே அவ்வளவுதான் மதிப்பு.

பௌங் டாவ் ஊ ஆலயத்தில் ஐந்து சிறிய புத்தர் படிமங்கள் உள்ளன. தலைமுறை தலைமுறையாக அடியவர்கள் ஒட்டிய தங்க இலைகளால் அவை உருவம் மறைந்து பொன்னுருண்டைகளாகிவிட்டன. இலை ஒட்ட ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. தாயார் கீழே அமர்ந்துகொண்டு, தாம் வாங்கிய தங்க இலையை என் கையில் கொடுத்து அனுப்பினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

அன்றைய நாளின் மிகச் சிறந்த பகுதி, பயண நிறுவனத்தின் நிரலில் இல்லாதது. நண்பகல் உணவிற்குப் பின் வழிகாட்டி எங்களைத் தம் பெரியம்மாவின் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். படகு வீட்டின் அடியிலேயே போய் நின்றது. ஏணிப்படி ஏறினால் மூங்கில் தரை; கால் வைத்தால் மெல்ல வளைந்து கொடுத்தது. மூங்கில் பாய்ச் சுவர், தகரக் கூரை, மண் நிரப்பிய பெட்டியில் அடுப்பு, சுவரில் புத்தருக்கு ஒரு மாடம். தரையின் இடுக்குகளில் தண்ணீர் மின்னியது. பச்சைத் தேநீரும் வறுத்த சூரியகாந்தி விதையும் கொடுத்தார்கள். இரண்டு முதியவர்களும் எதிரெதிரே அமர்ந்து பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வழிகாட்டி அவ்வப்போது விளக்கினார்.

வீட்டைச் சுற்றிலும் தக்காளித் தோட்டம். அது நிலமன்று, ஏரியில் மிதப்பது. ஆகாயத்தாமரையும் நீர்ப்புல்லும் பல ஆண்டுகள் பின்னிக் கிடந்து தடித்த பாய் போல் ஆகின்றன. அதனை நீண்ட பாத்திகளாக அறுத்துப் படகில் கட்டி இழுத்து வருகிறார்கள். ஏரியின் அடியிலிருந்து வண்டலும் பாசியும் அள்ளி அதன் மேல் பரப்புகிறார்கள். பின்பு மிதந்து போய்விடாதபடி நெடிய மூங்கில் கழிகளைப் பாத்தியின் ஊடே செலுத்தி, ஏரியின் தரையில் ஊன்றிவிடுகிறார்கள். நீர் ஏறினால் தோட்டமும் ஏறும், இறங்கினால் இறங்கும். இத்தோட்டத்தை விற்கலாம், வாங்கலாம். வாங்கியவர் கழிகளைப் பிடுங்கித் தம் வீட்டுப் பக்கம் இழுத்துச் செல்லலாம். நிலத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும் மனிதர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இதில் குறையும் உண்டு. தோட்டங்கள் பெருகப் பெருக ஏரி சுருங்குகிறது. 1935 முதல் 2000 வரையிலான காலத்தில் திறந்த நீர்ப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். உரமும் பூச்சிமருந்தும் நீரில் கலக்கின்றன. மலைகளில் மரம் வெட்டுவதால் மண்ணும் வந்து படிகிறது. “எங்களுக்குத் தெரியும். ஆனால் தக்காளியை விட்டால் வேறு பிழைப்பு ஏது?” என்றார் வழிகாட்டி. குடியேறியவன் தன் பிழைப்பால் தான் நிற்கும் இடத்தையே சிறிது சிறிதாகத் தேய்க்க நேர்கிறது என்பது வருத்தம் தரும் உண்மை.

என் தாயார் அந்தப் பெரியம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டதைக் கவனித்தேன். அதைக் கேட்கும்போது அவர் குரல் தணிந்திருந்தது. பெரியம்மா சன்னலுக்கு வெளியே கையைக் காட்டிச் சிரித்தவாறே விடை சொன்னார். வழிகாட்டியை வினவினேன். “புயலில் தோட்டம் அடித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று அமே கேட்டார். தேடிப் போய் இழுத்து வருவோம். கிடைக்காவிட்டால் புதிதாக ஒன்று அறுப்போம். கழியை மறுபடி ஊன்றுவோம் என்கிறார் பெரியம்மா. வீட்டுத் தூண்களும் அப்படித்தானாம். அடிப்பாகம் உளுத்துப்போகும்; ஒவ்வொன்றாக மாற்றுவார்கள்.”

விடைபெறும்போது பெரியம்மா என் தாயாரின் கன்னங்களில் தனக்கா மரச்சாந்தைத் தம் விரல்களாலேயே பூசிவிட்டார். மாலை வெயிலில் எங்கள் படகு திரும்பிற்று. மீண்டும் எந்திர இரைச்சல், மீண்டும் பேச்சில்லை. முன்னால் அமர்ந்திருந்த தாயாரின் தோள்கள் குலுங்குவதைக் கண்டேன். நான் எழுந்தால் படகு ஆடும். ஆகவே அமர்ந்த இடத்திலேயே இருந்தேன். கரை வந்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தனம் போன்ற அச்சாந்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

அன்றிரவு விடுதியில் அவர் முதன்முறையாகப் பேசினார். கழிமுகத்து வீட்டின் முன் இருந்த புளியமரத்தைப் பற்றியும், பள்ளித் தோழிகளைப் பற்றியும், கப்பலேறிய அன்று பாட்டனார் கடைச் சாவியைச் சட்டைப் பையில் வைத்தபடியே வந்துவிட்டதைப் பற்றியும் சொன்னார். சென்னையில் சாகும்வரை அச்சாவியை அவர் வைத்திருந்தாராம். விளக்கை அணைத்த பின் இருட்டிலிருந்து அவர் குரல் கேட்டது: “கரியாவுல ஒரு வீடு பாத்தேன்னு போன வருஷம் சொன்னியே, அது இன்னும் இருக்குதாடா?”

அந்த வீடு விற்றுப்போயிருந்தது. வேறொன்று கிடைத்தது. 2020 பிப்ரவரியில் பத்திரம் பதிவாயிற்று. இரண்டு அறைகள்தாம், மாத ஊதியத்தில் பெரும்பகுதியைக் கடன் தவணை கொண்டுபோகிறது. குடிபுகுந்த அன்று தாயார் தகரப் பெட்டியைத் தம் கையாலேயே கட்டிலின் அடியில் தள்ளினார். சான்றிதழ்களோடு வீட்டுப் பத்திரமும் அதற்குள் போயிற்று. ஆனால் கம்பளிப் போர்வை வெளியே வந்துவிட்டது. இப்போது குளிர்காலத்தில் என் மகள் அதனைப் போர்த்திக்கொண்டு படிக்கிறாள்.

அதன்பின் அந்நாட்டில் எவ்வளவோ நிகழ்ந்துவிட்டன. 2021 பிப்ரவரி முதல் நாளில் படையினர் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினர். உள்நாட்டுப் போர் மூண்டது. 2024 செப்டம்பரில் யாகி புயலின் மழையால் இன்லே ஏரி பெருகி ஊர்களை மூழ்கடித்தது. 2025 மார்ச் 28 அன்று மண்டலை, சகாயிங் பகுதிகளை உலுக்கிய 7.7 அளவிலான நிலநடுக்கம், ஏரி ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. தூண்கள் முறிந்து வீடுகள் வரிசை வரிசையாக நீரில் சரிந்த படங்களைத் தொலைக்காட்சியில் கண்டோம். தாயார் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அன்றிரவு அவர் அறையில் தகரப் பெட்டியின் பூட்டுத் திறக்கும் ஓசை கேட்டது. போர்வை மீண்டும் உள்ளே போய்விடுமோ என்று எனக்கு அச்சமாயிருந்தது.

வழிகாட்டியின் தொலைபேசிக்கு நாள்தோறும் முயன்றேன், தொடர்பு கிடைக்கவில்லை. நான்காவது வாரத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வீடு விழுந்துவிட்டது, உறவினர் இருவர் இறந்துவிட்டனர், பெரியம்மா மடாலயத்தில் தங்கியிருக்கிறார். நான் அதைப் படித்துச் சொன்னேன். தாயார் கண்களை மூடிக் கைகூப்பினார். பிறகு கேட்டார்: “கழி ஊன ஆரம்பிச்சிட்டாங்களான்னு கேளு.”

கேட்டேன். மறுநாள் ஒரு புகைப்படம் வந்தது. கலங்கிய நீரில் புதிய பச்சை மூங்கில்கள் ஏழெட்டு நின்றன. அவற்றின் மேல் தரையில்லை, சுவரில்லை, கூரையுமில்லை. ஒரு படகில் பெரியம்மா அமர்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படத்தை அச்சிட்டு வரச் சொன்னார் தாயார். அது இப்போது தகரப் பெட்டியில் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. சங்க அன்பர்கள் அடுத்த முறை வரும்போது காணலாம்.